பாதுகாப்பு அதிகாரியின் தழும்பு

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே ஒரு மனிதருக்குத்தான் நடுங்குவார்கள். முதலாளிக்கு அல்ல. முதலாளி பாவம், மாதம் ஒரு முறை வந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். நடுக்கமெல்லாம் பாதுகாப்பு அதிகாரியிடம்தான்.

ஆறடி உயரம். அரைமுழ மீசை. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். எந்த நாள், எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. சோற்றில் கை வைத்திருக்கும்போது அபாய மணி அலறும். மாடிப்படியில் ஒரு டப்பாவிலிருந்து புகை குபுகுபு என்று கிளம்பும். எல்லாரும் போட்டது போட்டபடி, வரிசை கலையாமல் படியிறங்கி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை. கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் இவர் ஸ்டாப்வாட்சை டக்கென்று அமுக்குவார். பிறகு ஆரம்பிக்கும் அர்ச்சனை.

"ஜன்னல் வழியா குதிக்கப் பார்த்தது யாரு? உண்மையைச் சொல்லுங்க! ஆபத்துன்னு வந்தா வாசல் வழியாத்தான் வரணும். ஜன்னல் வழியா ஓடறவன் கோழை!"

பசைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாள் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "சார், இன்னைக்கு ஒத்திகைன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சாப்பிட்டுட்டாவது ஓடி வருவோமே."

"முன்னாடியே சொன்னா அது ஒத்திகை இல்லம்மா. நாடகம்."

அன்றைக்கே பதிவேட்டில் எழுதி, அதன் நகலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுவார். எத்தனை நிமிடம் ஆயிற்று, தப்பிக்க முயன்றவர்கள் எத்தனை பேர், எல்லாம் இருக்கும். கடைசியில் அச்சடித்த ஒரு வரி: அடுத்த ஒத்திகை முன்னறிவிப்பின்றி நடத்தப்படும்.

இப்பேர்ப்பட்ட சூரப்புலிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். இந்த ரகசியம் ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தால்கூட, அவர் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். மனைவி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருப்பவர். எந்தப் புத்தகம் யாரிடம் எத்தனை நாளாக இருக்கிறது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்வார். கணவர் எப்போதெல்லாம் மொட்டைமாடிக்குப் போகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். கேட்டதில்லை, அவ்வளவுதான்.

விவகாரம் மகளின் போனில் ஆரம்பித்தது.

மகளுக்கு அப்போது ஆறு மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பிரசவ சமயத்தில் நடுக்கடலில் இருப்பார். அதனால் ஆறு வாரம் கழித்து அவள் இங்கே வந்து தங்குவதாக ஏற்பாடு. அறையைக் காலி செய்து, சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்து, தொட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று ஏழு தடவை அளந்து பார்த்ததெல்லாம் நம் அதிகாரிதான். அந்த அறையிலிருந்து வாசலுக்கு வர எத்தனை வினாடி ஆகும் என்றுகூடக் கணக்குப் பார்த்துவிட்டார்.

"அம்மா, டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துட்டாங்க," என்றாள் மகள். போன் சாப்பாட்டு மேசையின் நடுவில், சத்தமாகப் பேசும்படி வைக்கப்பட்டிருந்தது. "சின்னம்மைக்கு என் உடம்புல எதிர்ப்பே இல்லையாம். வந்ததும் இல்ல, ஊசி போட்டதும் இல்ல. வயித்துல குழந்தை இருக்கறப்ப அந்த ஊசியைப் போடவும் கூடாதாம். இப்ப எனக்கு வந்தா குழந்தைக்கும் ஆபத்துன்னு சொல்றாங்க. அதனால என்னைச் சுத்தி இருக்கறவங்கதான் போட்டுக்கணுமாம். உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கா?"

"எனக்கு வந்ததில்லடி. நாளைக்கே போய்ப் போட்டுக்கறேன். ஊசிதானே," என்றார் மனைவி. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார். "உங்களுக்குங்க?"

அந்த ஒரு நொடியில் அதிகாரிக்குக் கண் முன்னால் ஊசி மட்டும்தான் தெரிந்தது. குழந்தை தெரியவில்லை, மகள் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கா? எனக்குத்தான் ஏழு வயசுலயே வந்துடுச்சே! இதோ பாரு, தழும்பு!"

இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னக் குழி. அது அவருக்கு ஏழு வயதில் வந்தது என்பதென்னவோ உண்மை. ஆனால் சின்னம்மையால் அல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஊசி போடுகிறவர்கள் வந்த அன்று, மூன்றாவது வரிசையிலிருந்து பாய்ந்து, ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினாரே, அப்போது ஜன்னல் கொண்டி இடித்தது. சின்னம்மை வந்தது அவருடைய அக்காவுக்கு. அந்தப் பதினைந்து நாளும் இவரைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

"அப்ப அப்பா பத்தி டாக்டர் கேட்டா, வந்து போயிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?" என்றாள் மகள்.

"தாராளமா சொல்லு!"

"ரத்தம் எடுத்துப் பார்த்தா உறுதியா தெரிஞ்சுடுமாமே," என்றார் மனைவி.

"எடுக்கறதுன்னா... எதால?"

"கரண்டியாலயா எடுப்பாங்க? ஊசியாலதான்."

"அதெல்லாம் வீண் வேலை. தழும்பே சாட்சி சொல்லுதே!"

பொய் சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. போனை வைத்த பிறகு மனைவிக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். ஆலையில் நானூறு பேருக்கு நடத்திப் பழகிய நாக்கு, அடங்குமா?

"இங்க பாரு. உடம்புங்கறது ஒரு ஆலை மாதிரி. முதல் தடவை கிருமி உள்ள வந்தா, யார் எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியாது. ஒரே தள்ளுமுள்ளு. அதுக்குள்ள ஆளைப் படுக்க வெச்சுடும். ஆனா உடம்பு சும்மா இருக்காது. அந்தக் கிருமியோட மூஞ்சியை நல்லாப் பார்த்து வெச்சுக்கும். அதுக்குன்னே தனியா ஆயுதம் தயார் பண்ணும். நோய் போனாலும் அந்த ஞாபகம் போகாது. அடுத்த தடவை அதே கிருமி வாசல்ல கால் வெச்சா போதும், கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும்."

"அப்ப ஊசி எதுக்குங்க?"

"ஊசிங்கறது ஒத்திகை! கிருமியோட பல்லைப் பிடுங்கி, நோஞ்சானாக்கி உள்ள விடறாங்க. புகை மட்டும்தான், தீ கிடையாது. ஆனா உடம்புக்கு அது தெரியாது. நிஜமான எதிரின்னு நம்பி, ஓடியாடி, எல்லாத்தையும் கத்துக்கும். நோயில படுக்காமலே பாடம் படிச்ச மாதிரி."

"நிஜம்னு நம்பணுமா?"

"நம்பினாத்தான் அசையும். பொய்னு தெரிஞ்சா எந்த உடம்பு அசையும்?"

"ஓஹோ," என்றார் மனைவி.

அந்த 'ஓஹோ'வை அதிகாரி கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மனைவி சொன்னபடி மறுநாளே போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதிகாரி எட்டடி தூரத்தில் நின்று, சுவரைப் பார்த்தபடி, "ரொம்ப வலிக்குதா?" என்று அன்பாக விசாரித்தார்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை சரியாக ஆறு மணிக்கு, மறுபடியும் போன். இந்த முறை மைத்துனர். மூன்று தெரு தள்ளி இருக்கிறார். ஏழு வயதில் இரட்டைப் பெண் பிள்ளைகள்.

"அக்கா, மோசம் போச்சுக்கா! ரெண்டுக்கும் சின்னம்மை! அத்தானைக் கூப்பிடு!"

"அழாதடா. உன் பொண்டாட்டி இருக்கா இல்ல?"

"அவ திங்கட்கிழமை ஆபீஸ் வேலையா வெளியூர் போறாக்கா. பத்து நாள். மாத்த முடியாதாம். எனக்கோ வந்ததே இல்ல. நான் இப்பவே நண்பன் வீட்டுல வந்து உட்கார்ந்திருக்கேன்."

மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு பெருமை!

"நான் போலாம்னா, என் உடம்புக்கு இப்பதான் பாதி ஒத்திகை ஆகியிருக்கு. இன்னும் கத்துக்கவே ஆரம்பிச்சிருக்காது. உங்களுக்கு அப்படியா? நிஜத் தீயே பிடிச்சு அணைஞ்சு போன உடம்பு. நீங்க போய் அந்தப் பிள்ளைங்க பக்கத்துலயே படுத்துக்கிட்டாலும் ஒண்ணும் ஆகாது. இல்லீங்களா?"

"அ... ஆமா. ஆகாது."

"டேய், அத்தான் திங்கட்கிழமை காலையில வந்துடுவார்டா. பத்து நாளும் அங்கேயே இருப்பார்."

"லீவு..." என்றார் அதிகாரி. "ஆலையில லீவு குடுக்க மாட்டாங்க. நான் இல்லாம அங்க ஒரு அணுவும் அசையாது."

மனைவி போனோடு அடுக்களைக்குப் போனார். ஐந்தே நிமிடத்தில் திரும்பினார். "மேனேஜர்கிட்ட பேசிட்டேன். பத்து நாள் போதுமா, இருபது வேணுமான்னு கேட்டாரு. பின்னால நிறையப் பேர் கைதட்டற சத்தம் கேட்டுது. என்ன விசேஷமோ."

பிறகு அவரே ஒரு பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தார். அடுக்கிக்கொண்டே பேசினார்.

"உடம்பெல்லாம் கொப்புளமாம், பாவம். உள்ளங்கை, காதுமடல், நாக்கு, ஒரு இடம் பாக்கியில்லையாம். சொறிய விடாம கையைப் பிடிச்சுக்கணும். மருந்து தடவணும். தும்மினாலே ஒட்டிக்குமாம். அதுவும் சின்னப் பிள்ளைங்களுக்குப் பரவாயில்லையாம், பெரியவங்களுக்கு வந்தாத்தான் போட்டுப் புரட்டிடுமாம். ஆஸ்பத்திரியில சேர்க்கற அளவுக்குக்கூடப் போகுமாம். உங்களுக்கென்னங்க கவலை? மீசைக்கு சீப்பு வெக்கட்டுமா?"

அதிகாரி வெளிர்மஞ்சள் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். திங்கட்கிழமை போனால் வரும். வந்தால் படுப்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அப்போதுதான், மூன்று நாளாக எட்டாத ஒரு விஷயம் மண்டைக்கு எட்டியது. பிள்ளைகளிடமிருந்து வராவிட்டாலும், நாளைக்கு ஆலையில் யாராவது ஒருத்தர் தும்மினால் போதும். அதைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வருவார். இங்கே மகள் படுத்திருப்பாள். அவள் டாக்டரிடம் "அப்பாவுக்கு ஏற்கெனவே வந்து போயிடுச்சு" என்று நம்பிக்கையாகச் சொல்லியிருப்பாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊசியைவிட வேறொன்றுக்கு அதிகமாகப் பயந்தார்.

மனைவியிடம் உண்மையைச் சொல்லலாமா? சேச்சே. மானம் போய்விடும். ஒரே வழிதான். யாருக்கும் தெரியாமல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அதே மீசையோடு திங்கட்கிழமை கிளம்பிவிடுவது!

சனிக்கிழமை ஆலையில் அரைநாள். காலையில் ஸ்டாப்வாட்சைத் தேடினார், காணவில்லை. எங்கே வைத்தோம் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஒரு மணிக்கு வெளியே வந்தவர், இடமும் வலமும் பார்த்து, மருத்துவமனைத் தெருவுக்குள் நுழைந்தார்.

தடுப்பூசி அறைக்கு முன்னால் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் சிரிக்கும் குழந்தையின் படம். உள்ளே ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், அதன் கதவில் தொங்கும் வெப்பமானி. உட்கார்ந்ததும் அதிகாரி தொழில்முறைப்படி வெளியேறும் வழிகளைப் பார்த்தார். வாசல் ஒன்று. ஜன்னல் ஒன்று. ஜன்னலில் கம்பி போட்டிருந்தது. கொண்டியும் இருந்தது. புருவத்துக்கு மேலே குறுகுறுத்தது.

அவருக்கு முன்னால் நாலு வயதுப் பெண் ஒருத்தி உள்ளே போய், ஒரு 'ஆ' சொல்லி, மிட்டாயோடு வெளியே வந்தாள். இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க மாமா. நான் அப்படித்தான் போட்டுக்கிட்டேன்."

உள்ளே கண்ணாடி போட்ட நர்ஸ், இவர் பெயரைச் சொன்னதும் இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். பெயர், வயது, விலாசம் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தது. என்ன வேகம், இப்படி ஒரு ஆள் நம் ஆலையில் இல்லையே என்று அந்த நிலையிலும் அதிகாரி வியந்தார்.

"சின்னம்மை வந்திருக்கா?"

அதிகாரி திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இல்ல," என்றார்.

"காதுல விழல."

"இல்லைங்க! வந்ததே இல்ல!" வெளியே நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கையெழுத்துப் போடுங்க. சட்டைக் கையை மடக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டார். வெளிர்மஞ்சள் சுவரை நினைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் போகத் துடித்த கால்களை நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டார். எறும்பு கடித்த மாதிரி ஏதோ இருந்தது. அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷம் ஓடியது இதற்கா?

"சிஸ்டர், நாளை மறுநாள் சின்னம்மை வந்த ரெண்டு பிள்ளைங்களைப் பார்த்துக்கப் போறேன். தாங்கும் இல்ல?"

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நாளை மறுநாளா? நல்லா இருக்கு. இன்னைக்குப் போட்டு இன்னைக்கே எதிர்ப்பு வந்துடுமா? உங்க உடம்பு அந்தக் கிருமியைப் பார்த்து, புரிஞ்சுக்கிட்டு, தயாராக ரெண்டு வாரமாவது வேணும். நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது ஊசி. அதுக்கு அப்புறம்தான் முழுசா கவசம். அவசரப்பட்டு எங்கயும் போகாதீங்க."

போன மூச்சு வந்து, வந்த மூச்சு போயிற்று. அரைமணி நேரம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

தெருவில் நடக்கும்போதே அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. மானம் போனால் போகட்டும். மகளுக்கும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவது. "இதோ பாரு, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்று வழியெல்லாம் முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்தார். மாடிப்படி ஏறினார். கதவைத் தள்ளினார்.

"மாமா!" என்று இரண்டு உருவங்கள் பாய்ந்து வந்து ஆளுக்கொரு காலைக் கட்டிக்கொண்டன. கன்னமெல்லாம் பிஸ்கட் தூள். மருந்துக்குக்கூட ஒரு கொப்புளம் இல்லை. சோபாவில் மைத்துனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நடு ஹாலில் மனைவி. கையில் ஸ்டாப்வாட்ச்.

டக்.

"இருபது மணி நேரம், பதினாலு நிமிஷம்," என்றார் மனைவி. "கொஞ்சம் மெதுவுதான். ஆனா வாசல் வழியா வந்திருக்கீங்க. ஜன்னல் வழியா குதிக்கல. சந்தோஷம்."

"இவங்களுக்கு... சின்னம்மை?"

"ரெண்டு வயசுக்குள்ளயே ஊசி போட்டாச்சு அத்தான், ரெண்டு பேருக்கும்," என்றார் மைத்துனர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "எனக்கும் என் பொண்டாட்டிக்கும்கூடப் போட்டாச்சு."

"அப்ப எல்லாம் பொய்யா?"

"ஒத்திகைங்க," என்றார் மனைவி. "புகை மட்டும்தான், தீ கிடையாது. பொய்னு தெரிஞ்சா எந்த உடம்பு அசையும்னு நீங்கதானே கேட்டீங்க?"

அதிகாரி சோபாவில் தொப்பென்று விழுந்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

மனைவி பக்கத்தில் வந்து, இடது புருவத்துக்கு மேலே விரலால் மெதுவாகத் தொட்டார். "இந்த ஜன்னல் கொண்டியைப் பத்தியா? நமக்குக் கல்யாணமான மறுவாரமே உங்க அக்கா சொல்லிட்டாங்க."

"அப்ப அன்னைக்கே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா மொட்டைமாடிக்குப் போயிருப்பீங்க."

மேசையில் போன் பேசியது. மகள் அதில் எவ்வளவு நேரமாக இருந்தாளோ! "அப்பா, போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்மா. கண்ணு... அப்பா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா."

"தெரியும்பா. அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட உங்களுக்கு வந்ததில்லன்னுதான் எழுதச் சொன்னேன். ஆறு வாரத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்னு அம்மா வாக்கு குடுத்தாங்க. வலிச்சுதாப்பா?"

"யாருக்கு? எனக்கா?" மீசை மறுபடி நிமிர்ந்தது. அதிகாரி எழுந்து நின்றார். போன மானத்தில் பாதியையாவது மீட்க இதைவிட நல்ல சமயம் வருமா? "இன்னும் நாலு வாரத்துல ரெண்டாவது ஊசி இருக்கு. இந்தத் தடவை ஒருத்தரும் என்னை ஏமாத்த வேணாம். நானே போறேன், நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போறேன். தேதியை மட்டும் சொல்லு, காலண்டர்ல குறிச்சுக்கறேன்!"

"அந்தத் தேதியில உங்களுக்கு வெளியூர்ல அவசர வேலை வந்துடுமே," என்றார் மனைவி.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு புதுப் பதிவேட்டை எடுத்து விரித்தார். ஆலையில் அச்சடித்தது. லீவு கேட்டபோது மேனேஜரே மகிழ்ச்சியோடு கொடுத்தனுப்பியதாம். முதல் பக்கத்தில் நூலகக்காரியின் குண்டு குண்டான கையெழுத்து. ஆன நேரம்: இருபது மணி, பதினான்கு நிமிடம். தப்பிக்க முயன்றவர்கள்: ஒருவர். கடைசி வரியில் அவர் கைவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதை அதிகாரிதான் பல வருஷம் முன்பே அச்சடித்து வைத்திருந்தார்.

அடுத்த ஒத்திகை முன்னறிவிப்பின்றி நடத்தப்படும்.